பிரேக் சூடும் ஆயுத பூஜை எலுமிச்சம்பழமும்

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை. சாயங்காலம் எங்கள் குடியிருப்பில், வழக்கம் போல, ஸ்கூட்டர், கார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஒவ்வொன்றாய் நசுக்கிக்கொண்டிருந்தார்கள். என் டிவிஎஸ் 50க்கும் ஒரு பழம் கிடைத்தது. மேலே எங்கள் வீட்டில் கொலு. வந்தவர்களுக்கு என் மனைவி சுண்டல் மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் யாரோ டிவியைப் போட்டார்கள்.

திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு, 140க்கும் மேற்பட்டவர்கள் உள்ளே, விமானம் வானத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது என்று செய்தி. ஐந்தே முக்கால் வாக்கில் கிளம்பியது. ஏழரை ஆகியும் சுற்றிக்கொண்டிருந்தது. கொலு பார்க்க வந்தவர்கள் கொலுவைப் பார்க்கவில்லை. நாலு பேர் மொட்டை மாடிக்கு ஓடித் தெற்கே பார்த்தார்கள். மலைக்கோட்டை விளக்குதான் தெரிந்தது. 2018இல் இதே அக்டோபர் மாதம், 12ஆம் தேதி அதிகாலை, துபாய்க்குப் புறப்பட்ட விமானம் நம் விமான நிலையச் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு போய் மும்பையில் இறங்கியதை ஒருவர் நினைவுபடுத்த, எல்லோர் வயிற்றிலும் இன்னும் கொஞ்சம் புளி கரைந்தது.

எதிர் வீட்டுப் பெண்மணி என்னைப் பிடித்துக்கொண்டார். "மாமா, நீங்க ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவர்தானே? ரிப்பேர்னு தெரிஞ்சா உடனே இறக்க வேண்டியதுதானே? எதுக்கு இப்படி சுத்திண்டே இருக்கான்? பாவம், உள்ள குழந்தைகள் எல்லாம் இருக்குமே!"

எட்டேகால் மணிக்கு விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள், மிச்சச் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பெண்மணியின் கேள்விக்கு நான் பதில் சொல்லி முடிக்கவேயில்லை. பாதி பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும். காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

அன்றைக்குச் சுற்றியதற்குப் பல காரணங்கள் இருக்கும். அதெல்லாம் விமானிகளும் விசாரித்தவர்களும் அறிவார்கள். எனக்குத் தெரிந்தது சக்கரமும் பிரேக்கும். விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக என் இளமை முழுவதும் போனது. எஞ்சின்காரன் எஞ்சினைப் பார்ப்பான், நாங்கள் மற்றதையெல்லாம் பார்ப்போம், சக்கரமும் பிரேக்கும் எங்கள் பங்கு. ஓய்வு பெற்ற பிறகு வட இந்தியாவில் சின்ன விமானங்களில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியில் சில வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது போகப்போகப் புரியும்.

பிரேக் வண்டியை நிறுத்துகிறது என்று நாம் சொல்கிறோம். ஓடுகிற வண்டியில் இருக்கும் ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிறது, அவ்வளவுதான் அது செய்வது. ஓட்டம் எங்கேயும் காணாமல் போகாது. சக்கரத்தில் இருந்தது டிஸ்க்குக்கு வந்து உட்காரும். நம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்திலிருந்து சென்ட்ரல் வரை போய்ப் பாருங்கள். ஸ்டாப்புக்கு ஸ்டாப் அமுக்கி அமுக்கி, பாலக்கரை தாண்டுவதற்குள் ஒரு கருகிய வாசனை வரும். அதுதான் லைனிங். கொல்லிமலைக்குப் போனவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எழுபது கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பழைய டிரைவர்கள் இரண்டாவது கியரிலேயே வருவார்கள், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவார்கள். புது டிரைவர் நியூட்ரலில் விட்டுப் பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால், பாதி மலையில் பெடல் கீழே போகும், வண்டி நிற்காது. பிரேக் உடைந்துபோகவில்லை. சூட்டில் லைனிங் பிடிமானத்தை இழந்துவிட்டது, அவ்வளவுதான். ஆறினால் திரும்ப வரும், அதற்குள் வண்டி எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி.

கணக்கு ஒன்று போடுகிறேன், பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்புக் கணக்குதான். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கு. செஸ்னா 152 என்ற இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம், முழு எடை 757 கிலோ. நம் தெருவில் நிற்கும் ஆல்டோ காரை விடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அது 50 நாட் வேகத்தில், அதாவது மணிக்குத் தொண்ணூற்றிச் சொச்சம் கிலோமீட்டரில், தரை தொடுகிறது என்று வையுங்கள். அந்த ஓட்டத்தை அப்படியே சூடாக மாற்றி, நம் குழாய்த் தண்ணீரில் விட்டால், ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீர் கொதிக்கும். இரண்டு பேருக்கு டிகாக்‌ஷன் இறக்கி, மீதியில் முகம் கழுவலாம். அதே விமானத்தை ஒரு பயல் பயத்தில் 65 நாட்டில் கொண்டுவந்து வைத்தால்? வேகம் முப்பது சதவீதம்தான் கூடியிருக்கிறது. சூடு எழுபது சதவீதம் கூடிவிடும். வர்க்கம் செய்கிற வேலை அது. இப்போது கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் கொதிக்கும்.

ஆனால் அங்கே தண்ணீர் இல்லை. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து டிஸ்க் மூன்று கிலோ இரும்பு என்று வைத்துக்கொள்வோம். இரும்பு தண்ணீரைப் போலச் சூட்டை வாங்கிக்கொண்டு சாந்தமாக இருக்காது, அதே சூட்டுக்கு எட்டு மடங்கு கூடுதலாகக் கொதிக்கும். அந்த ஓட்டத்தில் பாதியைக் காற்றே தின்றுவிட்டது, மீதிப் பாதிதான் பிரேக்குக்கு வந்தது என்றால்கூட, ஒரே நிறுத்தத்தில் டிஸ்க் 140 டிகிரி ஏறிவிடும். ஆறுவதற்குள் இன்னொரு தடவை நிறுத்தினால் அதன் மேல் ஏறும். மூன்றாவது தடவை அதற்கும் மேல். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையம் 120, 130 டிகிரியைத் தாண்டினால் இறுக ஆரம்பித்துவிடும். அதற்குப் பின்னால் இருப்பது கார் பிரேக் ஆயில் இல்லை. சிவப்பு நிறத்தில் ஒரு கனிம எண்ணெய். நன்றாகத் தீப்பிடிக்கும்.

பெரிய விமானத்துக்கு வருவோம். ஷார்ஜா விமானம் போயிங் 737. அந்த ரகத்தில் 800 என்கிற வகை புறப்படும்போது அதிகபட்சம் 79 டன் இருக்கலாம். இறங்கும்போது அதிகபட்சம் 66 டன். நடுவில் இருக்கும் பதிமூன்று டன் வித்தியாசம் போகிற வழியில் எரியும் பெட்ரோல் என்று கணக்கு. (அது பெட்ரோல் இல்லை, ஒருவகை மண்ணெண்ணெய், ஆனால் என் மனைவிக்கு எல்லாம் பெட்ரோல்தான்.) சில பெரிய விமானங்களில் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிட வசதி உண்டு. 737இல் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும், எரிக்க வேண்டுமானால் சுற்றத்தான் வேண்டும். 65 டன்னில் 140 நாட்டில் இறங்கினால் அந்த ஓட்டத்தில் இருக்கும் சூடு, மொட்டை மாடியில் இருக்கும் ஐந்நூறு லிட்டர் சின்டெக்ஸ் டேங்க்கைக் கொதிக்க வைத்துவிட்டு மேலும் மிஞ்சும். 75 டன்னோடு, பத்து நாட் கூடுதல் வேகத்தில் வந்தால் எழுநூற்றைம்பது லிட்டருக்கு மேல். எதிர்க்காற்றும் ரிவர்ஸும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை வாங்கிக்கொள்வது நாலே சக்கரத்தின் பிரேக். மூக்குச் சக்கரத்தில் பிரேக் கிடையாது. இத்தனைக்கும் பிரேக்கை அமுக்குவதே ஹைட்ராலிக்தான், அன்று கோளாறு என்று சொன்னதும் அதில்தான். மாற்று ஏற்பாடுகள் உண்டு, இருந்தாலும் அன்றைய நிலையில் பிரேக்கிடம் கேட்பதை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. நம் திருச்சி ஓடுதளம் சுமார் எட்டாயிரம் அடி. குறைவில்லை, தாராளமும் இல்லை.

உள்ளே தீ என்றால் கதை வேறு. எத்தனை டன் இருந்தாலும் உடனே இறக்குவார்கள், பிரேக் போனால் போகட்டும் என்று. தீ இல்லை, விமானம் கைக்கு அடங்கிப் பறக்கிறது என்றால் அவசரம்தான் எதிரி. வானத்தில் சுற்றிய அந்த இரண்டரை மணி நேரத்தை டிவிக்காரர்கள் 'திக் திக் நிமிடங்கள்' என்றார்கள். எனக்கு அது ஒழுங்காக வேலை நடக்கிற நேரமாகத்தான் தெரிந்தது.

இதுவரை சொன்னது எதிர் வீட்டுப் பெண்மணிக்கான பதில். இனிமேல்தான் எனக்கான விஷயம்.

அந்தப் பயிற்சிப் பள்ளியில் ஒரு மே மாதம். அந்த ஊர் வெயில் காலை பத்து மணிக்கே நாற்பதைத் தொடும், தார் மேல் நின்றால் செருப்பு ஒட்டும். ஒரு விமானத்தின் பிரேக் லைனிங் தேய்ந்துவிட்டது. சாயங்காலம் புது லைனிங் ரிவெட் அடித்துப் போட்டேன். புது லைனிங் போட்டால் ஒரு வேலை பாக்கி இருக்கும், அதைப் பதப்படுத்த வேண்டும். எஞ்சினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, பிரேக்கை மெதுவாகப் பிடித்தபடி, நடை வேகத்தில் ஆயிரத்தைந்நூறு அடி போல டாக்ஸி செய்து, பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் ஆறவிட வேண்டும். லைனிங்கில் இருக்கும் பசை அப்போதுதான் சரியாக வேகும். புது மண்சட்டியைக் கஞ்சித் தண்ணீர் விட்டுப் பழக்காமல் நேராக அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும். பதப்படுத்தாமல் முதல் நாளே அடித்து நிறுத்தினால் பசை கருகிவிடும், அதற்குப் பிறகு அந்த லைனிங் பிடிக்காது. பிடிக்காத லைனிங்கை இன்னும் அதிகமாக அமுக்குவார்கள். சூடு இன்னும் கூடும்.

எல்லாம் சேர்ந்து அரை மணி நேர வேலை. இருட்டிவிட்டது, காலையில் செய்துகொள்ளலாம் என்றேன். காலை ஆறு மணிக்கே மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், நேரம் இல்லை, முதல் பறப்பிலேயே தானாகப் பதமாகிவிடும் என்று மேலே இருந்தவர் சொன்னார். அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

காலையில் அந்த விமானத்தை எடுத்தவன் நம் பக்கத்துப் பையன். டெல்டாவில் விவசாயக் குடும்பம், நிலத்தை அடமானம் வைத்து அனுப்பியிருந்தார் அப்பா. தமிழ் பேச ஆள் கிடைத்ததே என்று சாப்பிடும்போதெல்லாம் என் பக்கத்தில் வந்து உட்காருவான். தனியாகப் பறக்க ஆரம்பித்துச் சில நாட்கள்தான். அன்றைக்கு அவனுக்குக் கொடுத்த பயிற்சி, சுற்றி வந்து இறங்கு, முழுதாக நிறுத்து, திரும்பிப் போய் மறுபடி கிளம்பு. இப்படித் திரும்பத் திரும்ப. ஓடுதளமும் சின்னது. நாலாவது இறக்கத்தில் வேகம் கூட வந்துவிட்டான், பெடலை முழு பலத்தோடு மிதித்துக் கடைசியில் நிறுத்தினான். அவன் பின்னால் இன்னொருவன் காத்திருந்தான். சீக்கிரம் திரும்பி வந்து கிளம்பு என்று ரேடியோவில் உத்தரவு. கிளம்பினான். ஐந்தாவது இறக்கம் வேகம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் விமானம் நிற்கவில்லை. ஓடுதளத்தின் கடைசியில், மண்ணுக்குப் பத்தடி முன்னால் நின்றது.

ஓட்டி வந்து நிறுத்தினான். பட்டியலில் எழுதியிருந்தபடி பார்க்கிங் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான். டிஸ்க்கும் லைனிங்கும் ஒன்றை ஒன்று அணைத்தபடி இருந்தன, சூடு பிஸ்டனுக்குள் போக நல்ல பாதை. ஓடிக்கொண்டிருக்கும்போதாவது காற்று படும், நின்ற பிறகு அதுவும் இல்லை. எல்லோரும் நினைப்பது, நின்றதும் ஆற ஆரம்பிக்கும் என்று. டிஸ்க் ஆறும், ஆனால் அந்தச் சூடு சும்மா போகாமல் பக்கத்தில் இருக்கும் கேலிப்பர், சக்கரம், டயர் எல்லாவற்றுக்கும் பரவும். அவை உச்சத்தைத் தொடுவது நின்று பத்து, பதினைந்து நிமிஷம் கழித்துத்தான். பையன் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இடது சக்கரத்திலிருந்து புகை வந்தது. ரப்பர் வளையம் விட்டுவிட்டது, சிவப்பு எண்ணெய் டிஸ்க் மேல் சொட்டி, பக்கென்று பிடித்தது.

பவுடர் தெளித்து அணைத்துவிட்டோம். எப்போதும் முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோதான் கிட்டே போக வேண்டும், சக்கரத்தின் பக்கவாட்டில் நிற்கக் கூடாது, டயரோ ரிம்மோ வெடித்தால் அந்தத் திசையில்தான் பறக்கும் என்று விமானப்படையில் அடித்துச் சொல்லிக்கொடுத்தது கால் மறக்கவில்லை. ஒரு டயர், சக்கர மூடி, கொஞ்சம் பெயிண்ட். யாருக்கும் காயம் இல்லை. இறக்கையில் பெட்ரோல் இருந்தது, அதை மட்டும் இப்போதும் நினைக்கப் பிடிக்கவில்லை.

அறிக்கையில் எழுதியது, மாணவர் அதிக வேகத்தில் இறங்கிப் பிரேக்கை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினார் என்று. பொய் இல்லை. நாலாவது இறக்கம் வேகம்தான். அவனை இரண்டு மாதம் தனியாகப் பறக்க விடவில்லை. கூடுதலாக எத்தனையோ மணி நேரம் ஆசிரியரோடு பறக்க வைத்தார்கள், ஒவ்வொரு மணிக்கும் பணம். அன்று ராத்திரி என்னிடம் வந்தான். "சார், முதல் தடவையிலேருந்தே பெடல் மெத்து மெத்துன்னு இருந்துச்சு சார். நான் ஒழுங்கா மிதிக்கலைன்னு நினைச்சேன்." நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். லைனிங் பதப்படுத்தவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருஷம் அது, வேலை வேண்டியிருந்தது. இது காரணம், நியாயம் இல்லை.

அதனால் இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, கொஞ்சம் சூடான கருத்துதான். சின்ன விமானங்களில் பிரேக் சூடாகி ஏதாவது ஆனால் முதலில் பிடிபடுவது மாணவனின் கால். ஆனால் அந்தக் காலுக்கு மேலே பலபேர் இருக்கிறார்கள். அரை மணி நேரத்தைக் கொடுக்காதவர், திரும்பிக் கிளம்பு என்று ரேடியோவில் சொன்னவர், சூடான பிரேக்குக்கும் பார்க்கிங் பிரேக் போடு என்று பட்டியல் எழுதியவர், கையெழுத்துப் போட்டவன். கார் பந்தயக்காரன் கூட ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட்டுத்தான் நிறுத்துகிறான். இங்கே மட்டும் மணிக்கணக்கில் காசு என்பதால் விமானம் நின்றால் நஷ்டம் என்று ஒரு கணக்கு.

பெரிய விமானக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஒரு புது ரகப் பயணிகள் விமானத்துக்கு அனுமதி வாங்கும் முன் ஒரு சோதனை உண்டு. தேய்ந்து கடைசிக்கு வந்த பிரேக்கைப் போட்டு, முழு எடை ஏற்றி, கிளம்புகிற வேகத்துக்குக் கொண்டுபோய், ரிவர்ஸ் இல்லாமல் பிரேக்கால் மட்டுமே நிறுத்துவார்கள். பிரேக் கனல் போலச் சிவந்துவிடும். நின்ற பிறகு ஐந்து நிமிஷம் தீயணைப்பு வண்டி கிட்டே வந்து ஒன்றும் செய்யக் கூடாது, அந்த ஐந்து நிமிஷமும் விமானம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். பெரிய சக்கரங்களில் சூடு மீறினால் உருகிக் காற்றை இறக்கிவிடும் சின்ன அடைப்பான் இருக்கும், வெடிப்பதற்குப் பதில் புஸ்ஸென்று போய்விடும். பைலட் முன்னால் பிரேக் எத்தனை சூடு என்று காட்டும் அளவீடு கூடச் சில விமானங்களில் உண்டு. அனுபவமுள்ள கேப்டனுக்கு இத்தனை உதவி. ஐம்பது மணி நேரம்கூடப் பறக்காத பையனுக்குப் பெரும்பாலான பயிற்சி விமானங்களில் ஒன்றும் கிடையாது, மூக்குதான் கருவி.

இத்தனைக்கும் விலை உயர்ந்த சமாச்சாரம் எதுவும் வேண்டாம். சூடு ஒரு எல்லையைத் தாண்டினால் கறுத்துப்போகும் ஸ்டிக்கர் இருக்கிறது. சில சின்ன விமானங்களில் கேலிப்பரிலேயே ஒட்டி வருகிறது, ஏனென்றால் அவற்றில் மூக்குச் சக்கரத்தைத் திருப்ப முடியாது, டாக்ஸி செய்யும்போது இடது வலது பிரேக்கை மாறி மாறித் தொட்டுத்தான் திருப்ப வேண்டும், கிளம்புவதற்கு முன்னாலேயே பாதி சூடு ஏறிவிடும். அந்த ஸ்டிக்கரை எல்லாப் பயிற்சி விமானத்திலும் ஒட்டுவதில் என்ன கஷ்டம்? காலையில் சுற்றிப் பார்க்கும் மாணவன் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பான். கறுத்திருந்தால் பறக்க மாட்டான், சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை, ஸ்டிக்கர் அவனுக்காகச் சண்டை போடும். அதே போல, அடித்து நிறுத்தினால் அதை லாக் புத்தகத்தில் ஒரு வரி எழுத வேண்டும், எழுதினால் திட்டக் கூடாது. அரை மணி ஆறவிட வேண்டும், பார்க்கிங் பிரேக் போடாமல் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வேகமாக வந்துவிட்டோம் என்று உணர்ந்து இறங்காமல் மேலே போய் இன்னொரு சுற்று வருகிறவனுக்கு அந்தச் சுற்றுக்குக் காசு வாங்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதை எந்த முதலாளியும் கேட்க மாட்டார், தெரியும். சொல்லி வைக்கிறேன்.

"இப்ப எல்லாம் மாறியிருக்கும், நீங்க பழைய கதை பேசறேள்" என்கிறாள் என் மனைவி. மாறியிருந்தால் சந்தோஷம். நம் ஊரில் வெயில் மாறவில்லை. தென் மாவட்டங்களில் பழைய ஓடுதளங்களைத் தூசி தட்டிப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு அடிபடுகிறது. வரட்டும், நம் பிள்ளைகள் வடக்கே போய் ரொட்டி தின்ன வேண்டாம். ஆனால் கரிசல் பூமியில் சித்திரை வெயிலில் தார் என்ன சூடு இருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொண்டு வரட்டும்.

அந்தப் பையனுக்குப் பிற்பாடு லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். எங்கே பறக்கிறான் என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால் பேச வேண்டும்.

எதிர் வீட்டுப் பெண்மணியின் மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். பைலட் ஆகப் போகிறாளாம், எந்தப் பள்ளி என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் இருவரும் வந்திருந்தார்கள். அம்மா ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். நான் அந்தப் பெண்ணிடம், பள்ளியைப் பார்க்கப் போகும் அன்று ஹேங்கருக்குள் போ, அங்கே கை அழுக்கோடு நிற்கிற டெக்னீஷியன் யாராவது ஒருவரிடம், புது லைனிங் போட்டால் பதப்படுத்த எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்று கேள் என்றேன். பதிலைக் கேட்காதே, அவர் உடனே பதில் சொல்கிறாரா, இல்லை, யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறாரா என்று மட்டும் பார் என்றேன். செல்போனில் குறித்துக்கொண்டாள். லைனிங்குக்கு என்ன ஸ்பெல்லிங் மாமா என்று கேட்டாள்.